அடையாற்றின் பூகோளம்

(சென்னையில் ஆற்றோரப் பகுதி உழைப்பாளி மக்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பூகோளம். கூலி, பட்டா, ரேஷன் என்று பேசுவதை விட்டுவிட்டு இவர்கள் ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்த வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆற்றோரத்தில் குடியிருக்கும் நம்மைத் தேடி அதிகாரிகள் வரும்போதெல்லாம் அவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதைக் காட்டி, "நீங்கள் ஆற்றின் எல்லைக்குள் இருக்கிறீர்கள், வெள்ளத்துக்குக் காரணம் நீங்கள்தான், காலி செய்யுங்கள்" என்கிறார்கள். நம் கையில் வரைபடம் இல்லை. ஆகவே பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம், அல்லது அழுகிறோம், அல்லது கோபத்தில் கத்துகிறோம். இந்த மூன்றினாலும் இதுவரை ஒரு குடும்பத்துக்கும் பயன் விளைந்ததில்லை.

நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. பள்ளியிறுதி வகுப்பு வரை படித்ததும், பல வருஷங்களாக இந்தக் கரையில் மேலும் கீழுமாக நடந்து தெரிந்துகொண்டதும்தான் மூலதனம். தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். காவிரி குடகு மலையில் பிறந்து 800 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கிறது. அடையாற்றுக்கு மலையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. மொத்த நீளமே ஏறத்தாழ 42 கிலோமீட்டர்தான். தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம், மலைப்பட்டு, ஆதனூர் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழிகின்றன அல்லவா, அந்த வழிந்த நீர்தான் அடையாறு. சிலர் மலைப்பட்டு ஏரியே அதன் பிறப்பிடம் என்கிறார்கள், சிலர் ஆதனூர் ஏரி என்கிறார்கள். இந்தச் சச்சரவுக்கு நாம் போக வேண்டாம். ஏனென்றால் அது ஒரு ஏரியின் பிள்ளை அல்ல, ஏராளமான ஏரிகளின் பிள்ளை.

இந்த விஷயம் நன்றாக மனதில் பதிய வேண்டும். நமது முன்னோர்கள் செங்கற்பட்டுச் சீமையில் ஏரி வெட்டிய விதம் என்ன? மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிக்கட்டு மாதிரி ஏரிகளை வரிசையாக அமைத்தார்கள். மேலேயுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் வெளியேறும். அது வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. எல்லா ஏரிகளும் நிரம்பிய பிறகுதான் மிச்சம் இருப்பது ஆற்றுக்கு வரும். ஆகவே கார்த்திகையில் பெய்த மழை ஒரே நாளில் கடலுக்கு ஓடிவிடாது. ஏரிகள் பிடித்து வைத்துக்கொண்டு, வயலுக்கும் கிணற்றுக்கும் கொடுத்து, மீதத்தை மெள்ள மெள்ள விடும். ஆற்றில் தை, மாசி வரை ஓட்டம் இருக்கும்.

சென்னையில் ஒரு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. இப்படி அவசரமாகப் பெய்யும் மழையை நிதானமாக இறக்கி வைப்பதற்காகவே அந்த ஏரி வரிசை ஏற்பட்டது. அடையாற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் பிரதேசத்தின் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பரப்பில் ஏரிகள் எவ்வளவு பிடிக்கின்றனவோ அவ்வளவுக்கு நமக்குப் பாதுகாப்பு. ஒரு ஏரி தூர்ந்தால், அல்லது அதன் வாய்க்காலில் மனைப்பிரிவு எழுந்தால், அது பிடித்திருக்க வேண்டிய தண்ணீர் சைதாப்பேட்டைக்கு ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கும்.

இரண்டாவது விஷயம். அடையாற்றுக்குப் பெரிய கிளை ஒன்று உண்டு. அது செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிக் கால்வாய். அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. அதிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேருகிறது. திருநீர்மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசனம் செய்ததாக ஸ்தல புராணம் சொல்கிறது. புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். ஆனால் அதைச் சொன்னவருக்குப் பூகோளம் தெரிந்திருக்கிறது. இரண்டு நீரோட்டங்கள் கூடுகிற பள்ளம் அது.

இப்போது 2015-ஆம் வருஷத்துக்கு வருவோம். அந்த டிசம்பரை மறந்தவர் இங்கே யாரும் இருக்க முடியாது. நவம்பரிலேயே நல்ல மழை பெய்து ஏரிகள் நிரம்பும் தறுவாயில் இருந்தன. டிசம்பர் 1-ந் தேதி பிடித்த மழை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நகரத்துக்குள் நுங்கம்பாக்கத்தில் 29. சென்டிமீட்டர் என்றால் நமக்குப் புரியாது. கணக்கை வேறு விதமாகப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டரில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் 49 கோடி லிட்டர் தண்ணீர் சேரும். நமது தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40,000 லாரி.

செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் வினாடிக்கு 68 லாரித் தண்ணீர். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் 136 லாரி. இந்தக் கணக்கில் விட்டால் முழு ஏரியும் ஒன்றரை நாளில் காலியாகிவிடும். ஏரியைக் குடிதண்ணீருக்காக நிறைத்து வைத்திருந்தார்கள். பெருமழை வருமென்று தெரிந்தபோது முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தால் கடைசி நேரத்தில் இவ்வளவு விட வேண்டி வந்திருக்காது என்று பலரும் சொன்னார்கள். 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சொல்லிவிட்டது. ஆற்றோரக் குடிசையில் இருந்தவனா ஏரியின் ஷட்டரைத் திறந்தான்?

ஆனால், தோழர்களே, இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஒன்றுதான் காரணம் என்று நாமும் பேசினால், வரைபடத்தைப் பாதிதான் படித்தவர்களாவோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-ல் மூழ்கின. மாடி வரை தண்ணீர். அந்த இரண்டு ஊர்களும் எங்கே இருக்கின்றன? திருநீர்மலைக்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் ஆற்றில் சேருவதே அவர்களுக்குக் கீழே தான். அவர்களை மூழ்கடித்தது மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். அந்தத் தாழ்ந்த பிரதேசத்தில் வயல்கள் மனைகளாகிவிட்டன, வெளிவட்டச் சாலை குறுக்கே போகிறது, மேல் அடையாறு வாய்க்கால் அளவுக்குக் குறுகியிருந்தது. 2015-க்குப் பிறகு அகலப்படுத்தினார்கள், கால்வாய்கள் கட்டினார்கள். இருந்தும் 2020-லும் 2021-லும் 2023 டிசம்பர் புயலிலும் அந்த ஜனங்கள் திரும்பவும் தண்ணீரில் நின்றார்கள். கடன் வாங்கி வீடு கட்டிய சம்பளக்காரர்களும், சிறு வியாபாரிகளும், ஓய்வு பெற்றவர்களும் நிறைந்த ஊர்கள் அவை. நாம் ஆக்கிரமிப்பாளர்கள் என்று பேப்பரில் படித்து நம்பியவர்கள் அவர்களிலும் உண்டு. அவர்களும் நாமும் ஒரே ஆற்றின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும். அவர்களோடு நாம் பேச வேண்டும்.

திருநீர்மலைக்குக் கீழே ஆறு அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம் என்று வருகிறது. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். அங்கே நெய்த கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று. நைஜீரியாக்காரர்கள் விரும்பி உடுத்தினார்கள். பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழில். அந்தச் சாயமும் சாக்கடையும் சேருமிடமும் ஆறு. இந்தப் பகுதியில்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றைக் கடக்கிறது. ஆம், ஆற்றின் மேலேயே பாலம் போட்டு ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். ஆற்றைத் தொட்டுக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. ஆற்றின் குறுக்கே தூண் நட்டு ஓடுபாதை போட்டால் அதற்கு வேறு பெயர். 2015-ல் விமான நிலையமே வெள்ளக்காடாகிச் சில நாட்கள் மூடிக்கிடந்தது. ஓடுபாதையைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டுமென்று யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலைத் தாண்டும்போது ஒரு வார்த்தை. தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்று சொல்லும்போதெல்லாம் அங்கே இருந்த ஏரியின் பெயரைத்தான் சொல்கிறோம். ஏரி போய்விட்டது, பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் நிற்கிறது. இதைவிடப் பெரிய உதாரணம் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். அந்தப் பகுதியின் மழைநீர் இன்றும் மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் பக்கம் அடையாற்றில் வந்து விழுகிறது. அங்கே இன்று நகைக்கடையும் பட்டுக்கடையும் இருப்பதை நாம் குறை சொல்லவில்லை. அவற்றில் வேலை செய்யும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் சட்டம் செய்தார்களே, அதைப் படிக்கும்போது இந்தச் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறோம்.

சைதாப்பேட்டையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் ஜனங்கள் தவித்ததைப் பார்த்து 1726-ல் ஆர்மீனிய வியாபாரி ஒருவர், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்று பெயர், சொந்தப் பணத்தில் இங்கே பாலம் கட்டினார். அந்தக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. பழைய பாலத்துக்குப் பதிலாக 1960-களில் கட்டியதுதான் இப்போதைய மறைமலையடிகள் பாலம். ஆற்றை நம்பிச் சலவைத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் இங்கே குடியேறினார்கள். ஆற்றோரக் குடியிருப்பு என்பது நேற்று முளைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம். தண்ணீரில் வேலை செய்கிறவன் தண்ணீர்க் கரையில்தான் வீடு கட்டுவான்.

இனி கழிமுகம். இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு கடலைச் சேர்கிற இடத்தில் அகன்று, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து கிடக்கிறதே, அதுதான் கழிமுகம். கோட்டூர்புரத்துக்குக் கீழே ஆறு திடீரென்று அகலமாகிறது. நடுவில் திட்டுகள். வடபக்கம் ஒரு கிளை வளைந்து போய் ஒரு தீவையே உண்டாக்கியிருக்கிறது. குவிபிள் தீவு என்று பெயர். தென்கரையில் தியசாபிகல் சொசைட்டி 1882 முதல் இருக்கும் பெரிய தோப்பு. பிரெஞ்சுப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் 1746-ல் மோதிய இடமும் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இறங்கி நடந்தே ஆற்றைக் கடந்தார்கள். ஏன் நடந்து கடக்க முடிந்தது? வாயில் மணல். 1746-லும் மணல் இருந்தது.

மணல் எங்கிருந்து வருகிறது? ஆறு கொண்டுவருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி கடல் கொண்டுவருகிறது. ஊரூர் குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள். தெற்கேயிருந்து வடக்கே போகும் நீரோட்டத்துக்கு அவர்கள் தெண்டி என்றும், வடக்கேயிருந்து தெற்கே வருவதற்கு வன்னி என்றும் பெயர் சொல்வார்கள். பங்குனி முதல் ஐப்பசி வரை பெரும்பாலும் தெற்கத்திய ஓட்டம். வாடைக் காலத்தில் அது திரும்பும். இரண்டிலும் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. தெற்கேயிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியபோது இந்த மணல் தடைபட்டு மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கடலுக்கு இரையாயின. ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் இன்னொரு பக்கம் மண் போகும். கடலின் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் உண்டு.

இப்படிக் கடல் தினம் தினம் ஆற்றின் வாயில் மணலைப் போடுகிறது. அதைத் தள்ளித் திறந்து வைப்பது யார்? இரண்டு பேர். ஒன்று ஆற்றின் ஓட்டம். மழைக்காலத்து வெள்ளம் மணல் திட்டை அறுத்துக்கொண்டு போகும். இன்னொன்று கடலின் ஏற்றவற்றம். ஏற்றத்தின்போது கடல்நீர் கழிமுகத்துக்குள் ஏறுகிறது. வற்றத்தின்போது அதே நீர் வெளியே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் வாயைக் கழுவிவிடுகிறது. ஆனால் நமது கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம், அமாவாசை பௌர்ணமியில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஹூக்ளி முகத்தில் இருப்பது போல ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. ஏற்றம் குறைவாக இருக்கும் இடத்தில் கழிமுகத்தின் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும். அகலமான பாத்திரமாயிருந்தால் ஒரு மீட்டர் ஏறினாலும் நிறையத் தண்ணீர் உள்ளே வரும், நிறையத் தண்ணீர் வெளியே போகும், வாய் திறந்திருக்கும். பாத்திரம் சுருங்கினால் கழுவும் தண்ணீர் குறையும், வாய் மூடும்.

இப்போது கழிமுகத்தைப் போய்ப் பாருங்கள். சதுப்பை மண் கொட்டி மேடாக்கி எத்தனை கட்டடம் எழுந்திருக்கிறது! வடகரையில் நட்சத்திர ஓட்டல், வானளாவிய குடியிருப்புகள், மண்டபங்கள். அவை எல்லாம் மேட்டில் நிற்பதால் வெள்ளம் அவற்றைத் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மேடு எங்கிருந்து வந்தது? கழிமுகத்தில் ஒரு ஏக்கரை மேடாக்கினால், அந்த ஏக்கரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கடல்நீர் அவ்வளவும் ஆற்றின் வாய்க்கு நஷ்டம். வாய் அடைபட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது ஓட்டலிலா, சீனிவாசபுரத்திலா? கோர்ட்டு வழக்குகளுக்குப் பிறகு மிஞ்சிய பகுதியில் 58 ஏக்கரைப் பூங்காவாக்கி 2011-ல் திறந்தார்கள். தூர்ந்த நீர்ப்பரப்பைத் தோண்டி, அலையாத்திச் செடிகள் நட்டார்கள். பறவைகள் திரும்ப வந்தன. இது நல்ல காரியம். செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

ஓட்டமும் குறைந்துவிட்டது. மேலே ஏரிகள் மெள்ள மெள்ள விட்ட தண்ணீர் இப்போது இல்லை. மழையில் நாலு நாள் பிரளயம், மற்ற நாட்களில் சாக்கடை. கோடையில் கடல் உள்ளே வர முடிவதில்லை, சாக்கடை வெளியே போக முடிவதில்லை. அடியில் கறுப்புச் சேறு படிகிறது. முதல் மழை வந்து அந்தச் சேற்றைக் கலக்கியதும் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. மடவையும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இடத்தில் இன்று வலையில் அகப்படுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. வாயில் சேரும் மணலைத் தோண்டுவதற்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்கி இயந்திரம் கொண்டுவருகிறார்கள். தோண்டிய மணலைப் பக்கத்திலேயே குவித்தால் அடுத்த ஓட்டத்தில் அது பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. எப்போது தோண்ட வேண்டும், எங்கே கொட்டக் கூடாது என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் செலவில்லாமல் சொல்வார்கள். கேட்பதில்லை.

முகத்துவாரத்தின் பலத்தை அறிய வேண்டுமானால் பெசன்ட் நகர்ப் பக்கம் நிற்கும் உடைந்த பாலத்தைப் பாருங்கள். 1967-ல் கட்டினார்கள். பத்தே வருஷம். 1977-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. இப்போது அங்கே சினிமா எடுக்கிறார்கள்.

கழிமுகத்தை விட்டுப் போகுமுன் பக்கிங்காம் கால்வாயைச் சொல்லியாக வேண்டும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதியை வெட்டியது 1877-78-ல். அது தாது வருஷப் பஞ்சம். கிராமங்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்து விழுந்த காலம். பிழைக்க வழி தேடி நகரத்துக்கு வந்த எலும்பும் தோலுமான கூலிகள், நிவாரண வேலை என்ற பெயரில் வெட்டிய கால்வாய் அது. பெயர் மட்டும் கவர்னருக்கு. கடற்கரைக்கு இணையாக ஓடி, ஒரு ஆற்றில் வெள்ளம் மிஞ்சினால் இன்னொன்றுக்குப் பங்கு போட்ட அந்தக் கால்வாயின் மேல்தான் பறக்கும் ரயிலின் தூண்களும், கோட்டூர்புரம், மந்தைவெளி போன்ற ஸ்டேஷன்களும் நிற்கின்றன. தண்ணீர் போகும் பாதையில் நடப்பட்ட தூண்கள். ரயிலில் நாமும்தான் போகிறோம். ஆனால் பாதையைத் தண்ணீருக்கு விட்டு ரயில் விட வேறு வழியே இல்லையா என்று கேட்கும் உரிமை கால்வாயை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு.

சரி, 2015-க்குப் பின் என்ன நடந்தது? அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். சிலரைப் பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் கொண்டுபோனார்கள். பெரும்பாக்கத்துக்கும் கூடப்பாக்கத்துக்கும். கான்கிரீட் வீடு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வேலை செய்யும் தாய்மார்களுக்கு வேலை கோட்டூர்புரத்திலும் நந்தனத்திலும். பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் என்ன? பலர் வேலையை விட்டார்கள். பல பிள்ளைகள் படிப்பை விட்டார்கள்.

இங்கேயும் பூகோளத்தைக் கேட்போம். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில். தென் சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் வந்து நிற்கும் இடம் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற குறுகிய வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். 2015-லும் அந்தப் பகுதியில் வெள்ளம், 2023-லும் வெள்ளம். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஒரு தண்ணீரின் கரையிலிருந்து இன்னொரு தண்ணீரின் பள்ளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆற்றங்கரை அபாயமான இடம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆற்றின் படுகையிலேயே, தண்ணீர் ஓடும் தடத்திலேயே இருக்கும் வீடுகளை மாற்றித்தான் ஆக வேண்டும். 2015 டிசம்பர் ராத்திரியில் கூரை மேல் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த நம்மைவிட இதை யார் அறிவார்கள்? ஆனால் மாற்றுகிற இடம் வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மேடான இடமாக இருக்க வேண்டும். சைதாப்பேட்டையைச் சுற்றி சர்க்கார் நிலமே இல்லையா? இருக்கிறது. அது நமக்கென்றால் இல்லை.

2024-25 பட்ஜெட்டில் அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். தனியார் பங்கேற்புடன் என்று சொல்லியிருக்கிறார்கள். சாக்கடையைத் தடுப்பதும் கரையைப் பலப்படுத்துவதும் யாருக்கு வேண்டாம்? வேண்டும். ஆனால் பணம் போடும் தனியார், ஆற்றின் அழகை ரசிப்பதற்காகப் போடுவதில்லை. சுத்தமான ஆற்றங்கரையில் மனை விலை என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே திட்டத்தின் வரைபடம் வெளியே வரும்போது நாம் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மேலே ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? கீழே கழிமுகத்தில் இன்னும் ஒரு கைப்பிடி மண்ணாவது கொட்ட இடம் வைத்திருக்கிறார்களா? நடுவில் நாம் எங்கே? மேலேயும் கீழேயும் ஒன்றும் செய்யாமல் நடுவில் நம்மை மட்டும் அகற்றி நடைபாதையும் பூச்செடியும் வைப்பதாக இருந்தால், அந்தத் திட்டத்தால் வெள்ளம் ஓர் அங்குலம்கூடக் குறையாது.

மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் 2015-ல் தண்ணீர் எதுவரை ஏறியது, 2023-ல் எதுவரை என்று சுவரில் கோடு போட வேண்டும். கரை ஓரத்திலிருந்து எத்தனை அடி தூரம், எந்தப் பக்கமாகத் தண்ணீர் முதலில் நுழைந்தது, ஆற்றிலிருந்து வந்ததா, தெருச் சாக்கடை எதிர்த்து வந்ததா என்று வயதானவர்களைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சாக்கடை எதிர்த்து வந்த தெருவுக்கு வேண்டியது அடைப்புக் கதவும் வடிகாலும். அங்கே வீட்டை இடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏரி திறக்கும்போது "உபரி நீர் வெளியேற்றப்படுகிறது" என்று பொதுப்படையாகச் சொல்லாமல், எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு, எந்தெந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்று முன்னதாகத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டுமென்று கோரி மனு எழுதியிருக்கிறோம். அதைப் படித்துக் காட்டுகிறோம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், பிறகு கையெழுத்து.

சுண்ணாம்பும் அளவு நாடாவும் சைதாப்பேட்டைத் தோழர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பாலத்தடியில் கூடுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.